ராய்ஸ் டில்மனுக்குப் பக்கத்து இடம்

கால்டர், டெக்சஸ்
ஜூன் 2, 1983

அன்புத் தம்பி ஆல்டனுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. டாலஸில் நீயும் மேபலும் சுகமாக இருக்கக் கர்த்தர் துணையிருப்பாராக. இங்கே நான் சுகமாக இல்லை.

போன ஞாயிறு, கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கும் நாள். வழக்கம்போல் கல்லறைத் தோட்டத்தில் எனக்கென்று வாங்கி வைத்த இடத்தில் மடக்கு நாற்காலி போட்டுப் பொரித்த கோழி தின்றுகொண்டிருந்தேன். ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு தாடிக்காரன், பெயர் ஃபெர்ரிஸ், மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டான். "டீச்சரம்மா, ராய்ஸுக்குப் பக்கத்துல இந்த இடம் யாருக்கு?" முப்பத்தைந்து வருடம் ஏழாம் வகுப்பு எடுத்தவள், கேள்வி கேட்டால் பதில் வந்துவிடும். எனக்குத்தான் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்தான். "நீங்க வந்தப்புறம் உங்க மேல நின்னுக்கலாமா? அங்க நின்னாத்தான் போட்டோ நல்லா விழுது."

அப்போதிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆல்டன். 1951-ல் நான் அந்த இடத்தை வாங்கும்போது பக்கத்தில் புல்தான் இருந்தது. ஏழு வருடம் கழித்து, மூன்றே இசைத்தட்டு போட்ட பாடகன் ராய்ஸ், இருபத்திரண்டு வயதில், பனி உறைந்த பாலத்தில் காரோடு கவிழ்ந்து அங்கே வந்து சேர்ந்தான். நல்ல பிள்ளை. வகுப்பில் மேசையைத் தட்டுவான், நான் அவன் கையைத் தட்டுவேன். இருபத்தைந்து வருடமாகியும் கிதாரோடு ஆட்கள் வருவது நிற்கவில்லை. உதாரணத்துக்கு, ஈஸ்டரன்று நாலு பேர் என் இடத்தின்மேல் ஏறி ஆடினார்கள். அதில் ஒருத்தி நம் பாஸ்டரின் மனைவி. இன்னொரு உதாரணம், ஒருவன் பூட்ஸ் குதிகாலால் தாளம் போட்டதில் என் நெஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் சரியாக ஒரு குழி விழுந்திருக்கிறது. போன மாதம் டாக்டர் என் இதயத்தை இரண்டு முறை கேட்டுவிட்டு, உயில் எழுதியாச்சா என்றார். சாக எனக்குப் பயமில்லை, தம்பி. செத்தபின் மிதிபடத்தான் பயம்.

கல்லறைக் கமிட்டித் தலைவி ஹேசலிடம் போய் அழுதேன். "ராய்ஸ் பக்கத்துல வேண்டாம்னு சொல்ற பொம்பள உலகத்துலயே நீ ஒருத்திதான்டி," என்றாள். கூடப்பிறந்தவர்களுக்குள் மட்டும் இடம் மாற்றிக்கொள்ளலாமாம், பதினைந்தாம் தேதிக்குள் உன் கையெழுத்து வேண்டுமாம். வடக்கு வேலியோரம், சீடார் மரத்தடியில் உன் இடம் சும்மாதானே கிடக்கிறது? நீங்கள் டாலஸிலேயே அடங்கப்போகிறீர்கள். அங்கே ஒரு சத்தம் கிடையாது. இத்துடன் வைத்திருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

மேபலுக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு ஆயிரம் ஆசீர்வாதம்.

உன் அக்கா,
வெர்னா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் உன் இடத்தை ஒரு தடவை பார்க்கப் போனேன். சீடார் வேர் தடுக்கி அங்கேயே விழுந்துவிட்டேன். எழ முடியவில்லை. ஒரு மணி நேரம் கத்தினேன், ஒரு காக்கை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவ்வளவு அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. தூரத்தில், இன்னும் ஊர் திரும்பாத ஃபெர்ரிஸ், ராய்ஸின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். ஒன்று முடிந்ததும் அடுத்தது எப்போது வரும் என்று காத்துக்கிடந்தேன். அந்த இடைவெளியில்தான் என் குரல் அவனுக்குக் கேட்டது. ஓடிவந்து குழந்தையைப்போல் தூக்கினான். "டீச்சரம்மா, இடம் மாறிப் படுத்துட்டீங்களே. உங்க இடம் அங்க."

கையெழுத்துப் போடாதே. அடுத்த முறை ஊருக்கு வந்தால், உன் இடத்தில் தனியாகப் போய் ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்துப் பார்.