பாசஞ்சருக்கு வழிவிட்டவர்

தாமிரபரணியில் கூட்ஸ் அண்ணாச்சி அளவுக்குக் குளித்த மனிதர் உலகத்தில் கிடையாது. இரண்டு குளியல்களுக்கு நடுவே அவர் ரயிலும் ஓட்டிவந்தார்.

திருநெல்வேலியிலிருந்து மேற்கே செங்கோட்டைக்குப் போகும் பாதையில், ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் டிக்கெட் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கேதான் இன்னும் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் அச்சில் வந்ததெல்லாம் எனக்கு வேதம். சரக்கு வண்டி, பாசஞ்சருக்கு வழிவிட்டு ஓரத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்கவேண்டும் என்று ரயில்வே விதிப் புத்தகத்தில் போட்டிருந்தது. ஒதுங்கி நிற்கும் இரண்டு மணி நேரமும் டிரைவர் என்ன செய்யவேண்டும் என்று போடவில்லை.

கூட்ஸ் அண்ணாச்சி குளித்தார். சரக்கு வண்டி நின்றதும் இஞ்சினைக் கரி தள்ளும் பயர்மேனிடம் விட்டுவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார். பாசஞ்சர் ஊதும் சத்தம் கேட்டால்தான் கரையேறுவார். பாதி ஸ்டேஷன்களில் ஆறு, மீதியில் வாய்க்கால். எங்கும் அவருக்கென்று ஒரு படி உண்டு.

சரக்கின்மேல் அவருக்கு அபார மரியாதை. கருப்பட்டி மூடைகளுக்கு வெயில் படுகிறதா என்று எட்டிப் பார்த்து விசாரிப்பார்.

"மூடை மாதிரி மனுசன் உண்டா வே?" என்பார். "ஏத்துன எடத்துல இருக்கும். எப்ப போவும், ஏன் நிக்குன்னு ஒரு வார்த்த கேக்காது."

அப்படிப்பட்டவருக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒரு மாதம் பாசஞ்சர் வண்டி ஓட்டிப் பார்க்கலாம். சரிப்பட்டால் அதிலேயே நிரந்தரம். வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் கூட்ஸ் டிரைவர் வீட்டுக்குப் போவது நாலு நாளைக்கு ஒரு தரம், அதுவும் நடுராத்திரியில். பாசஞ்சர் டிரைவர் தினமும் போய்விடலாம். முந்தின வாரம் அவர் திருநெல்வேலியில் வீட்டு வாசலில் போய் நின்றபோது, அவருடைய மூன்று வயது மகள் உள்ளே திரும்பி, "அம்மா, யாரோ மாமா வந்திருக்காவ" என்றிருக்கிறாள்.

"பெத்த பிள்ள மாமான்னு சொல்லுதா தம்பி," என்றார் என்னிடம். "அதுக்குப் பெறவு என்னத்த யோசிக்க? பாசஞ்சருக்கே போயிருதேன்."

பத்து நாளில் ஆள் பாதியாகிவிட்டார். ஒரே பெட்டியிலிருந்து ஓர் அம்மாள், "பைய போவும், பிள்ள ஒறங்குது" என்பாள். பக்கத்து ஜன்னலில் ஒருவர், "வெரசாப் போவும் வே, கோர்ட்டுல பேரு கூப்பிட்டுருவான்" என்பார். போதாததற்கு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரண்டே நிமிஷம். ஆறு கண்ணெதிரே ஓடும். அண்ணாச்சி கரி முகத்தோடு அதைப் பார்த்துக்கொண்டே கடந்துபோவார்.

பதினோராம் நாள் பாசஞ்சர் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். கார்டு ஊதினார், பச்சைக் கொடி காட்டினார். வண்டி அசையவில்லை. மறுபடியும் ஊதினார். நான் இஞ்சினுக்கு ஓடினேன். பயர்மேனும் கூட்ஸிலிருந்து கூடவே வந்தவன். கரிக்குவியலில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"டிரைவர் எங்க?"

"குளிக்கப் போயிருக்காவ."

"இப்ப எதுக்கு?"

"பாசஞ்சர் வரணும்லா!"

ஆற்றுக்கு ஓடினேன். அண்ணாச்சி இடுப்பளவுத் தண்ணீரில் முதுகு தேய்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி! வண்டி!"

"பதறாத லே. பாசஞ்சர் இன்னும் வரலியே."

"அண்ணாச்சி, பாசஞ்சரே நீங்கதான்!"

தூக்கிய கை தூக்கியபடி நின்றுவிட்டார். பிறகு, "வந்தது வந்தாச்சு" என்று இன்னொரு முங்கு போட்டுவிட்டு ஓடிவந்தார். ஈர வேட்டியோடு அவர் இஞ்சினில் ஏறும்போது எல்லா ஜன்னலிலும் தலைகள். "என்ன வே, இஞ்சினுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டியாச்சா?" என்று ஒருவர் கேட்க, வண்டி முழுக்கச் சிரித்தது. தாமதம் இருபத்தைந்து நிமிஷம்.

எழுத்துமூலம் விளக்கம் கேட்டுத் தாக்கீது வந்தது. இதைவிடச் சின்னக் குற்றத்துக்கெல்லாம் வேலை போயிருக்கிறது. இங்கிலீஷில் எழுதித்தரச் சொல்லி என்னிடம் வந்தார். அதுவரை பொய் எழுதியறியாத நான், குரலைத் தாழ்த்தி, "திடீர்னு வயித்துவலின்னு எழுதட்டுமா அண்ணாச்சி?" என்றேன்.

"எழுதிராத! பாவம்னு இரக்கப்பட்டு பாசஞ்சர்லயே விட்டுருவான். குளிச்சாம்னே எழுது."

"வேலை போயிரும்."

"போனா வீட்டுல இருக்கேன். பிள்ள அப்பான்னாவது கூப்பிடும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையெழுத்துப் போடுமுன் பேனாவை இரண்டு தரம் கீழே வைத்துவிட்டு எடுத்தார்.

'ஓட்டுவது சரக்கு வண்டி என்ற நினைப்பில் பாசஞ்சருக்காகக் காத்திருந்தேன்' என்று உள்ளபடியே எழுதி அனுப்பினேன். அனுப்பிய நாள்முதல், ஒரு குடும்பத்தை என் இங்கிலீஷால் கவிழ்த்துவிட்டேனோ என்று தபால் பையை ஆளுக்கு முந்திப் பிரித்துத் தேடினேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. பயணிகளின் நன்மையைக் கருதி, இவரை நிரந்தரமாகச் சரக்கு வண்டிக்கே அனுப்புவதாகத் தீர்மானம். அண்ணாச்சி என்னை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்.

"சரக்குன்னு தெளிவாப் போட்டிருக்கானா?"

"தெளிவாப் போட்டிருக்கு."

பெஞ்சில் உட்கார்ந்து, இஞ்சின் ஆவியை இறக்கிவிடுவதுபோல ஒரு பெருமூச்சு விட்டார். என் மூச்சும் அப்போதுதான் திரும்பி வந்தது. பிறகு உத்தரவை மடித்துக்கொண்டே, "பிள்ளகிட்ட என்ன சொல்லுவேன்?" என்றார்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு காலியாக இருக்கிறது என்று மட்டும்தான் நான் சொன்னேன். அடுத்த வாரமே பாத்திரம் பண்டம், மனைவி, மகள் எல்லாம் வந்து இறங்கிவிட்டார்கள்.

இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் கூட்ஸ் வந்து ஒதுங்கி நிற்கிறது. "அப்பா வந்தாச்சு!" என்று வேலியோரம் ஒரு குரல் கேட்கும். பாசஞ்சர் வரும்வரை தகப்பனும் மகளும் ஆற்றில் கிடப்பார்கள்.

சில நாள் பாசஞ்சர் தாமதம் என்று தந்தி வரும். ஜன்னலுக்கு வெளியே ஜனங்கள் முணுமுணுப்பார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் உச்சுக்கொட்டிவிட்டு, கடவுளே, இன்னும் ஒரு பத்து நிமிஷம் சேர்த்துக் கொடு என்று உள்ளே வேண்டிக்கொள்வேன்.