முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சியும் அச்சங்குளத்துச் சம்பந்தமும்

நாரணாபுரம்
12-12-1961

மதிப்பிற்குரிய மைத்துனர் சோலைமலை அவர்களுக்கு, கருத்தப்பாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு உடம்பெல்லாம் தடிப்பு என்பதைத் தவிர, யாவரும் க்ஷேமம்.

நம் மாரித்தாயைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை அச்சங்குளத்தார் வந்தது தாங்கள் அறிந்ததே. அதற்கு இரண்டு நாள் முன்பு, கொல்லை முருங்கையில் முழ நீளத்துக்குப் பட்டை கறுத்திருந்தது. மழையில் ஊறியிருக்கும் என்று கையை வைத்தேன். பட்டை நெளிந்தது. அத்தனையும் கம்பளிப்பூச்சி! பகலெல்லாம் அடிமரத்தில் கும்பலாக அடைந்து கிடந்து, இரவில் ஏறி இலையைத் தின்னுமாம். இது எனக்குக் கை வீங்கிய பிறகுதான் தெரிந்தது. பந்தம் கொளுத்திக் கருக்கிவிடலாம் என்று போனால், பக்கத்து வீட்டுச் செல்லச்சாமி சுவர் மேல் ஏறிக் கத்துகிறார். அவர் பட்டாசுக் கம்பெனிக்குத் திரி செய்கிறவர். "அண்ணாச்சி, தீய அணைங்க! இங்கன திரி காயுது. ஒரு பொறி விழுந்தா தெருவே இருக்காது!" என்றார். அணைத்தேன். விளக்குமாற்றால் அடித்துத் தள்ளிக் குழியில் போட்டு மூடினேன். பூச்சி போயிற்று, அதன் மயிர் பறந்து கொடியில் காய்ந்த துண்டில் ஒட்டியது யாருக்குத் தெரியும்?

மாப்பிள்ளையின் தகப்பனார் வேலுச்சாமி சாப்பிட்டுக் கை கழுவ வந்தார். மரியாதைக்கு நானே துண்டை எடுத்து நீட்டினேன். அவரும் முகம், கழுத்து, காது என்று ஒரு இடம் விடாமல் துடைத்தார். வெற்றிலை போடுவதற்குள் கண் வீங்கி மூடிக்கொண்டது. "பொண்ணைக் காட்டுங்கன்னா கண்ணையே அவிச்சிட்டீகளேய்யா!" என்று எழுந்து போய்விட்டார்கள். தங்கள் சகோதரி முத்துப்பேச்சி என்னைப் பார்த்த பார்வையில், அரிவாளை எடுத்து மரத்தை அடியோடு சாய்த்துவிட்டேன். அன்று முதல் மாரித்தாய் பச்சைத்தண்ணி தொடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டே இருக்கிறாள். பெற்ற மனசு என்ன பாடுபடும், சொல்லுங்க. தாங்கள் உடனே அச்சங்குளம் போய், காலில் விழுந்தாவது சம்பந்தத்தை மீட்டுத் தரவேண்டும்.

இருக்கன்குடி மாரியம்மன் தங்கள் குடும்பத்தைச் சொறி சிரங்கின்றிக் காப்பாளாக.

இப்படிக்கு,
கருத்தப்பாண்டி

பின்குறிப்பு: இதை முத்துப்பேச்சிக்கு வாசித்துக் காட்டும்போது மாரித்தாய் எழுந்து வந்துவிட்டாள். "அச்சங்குளத்துக்காக யாருப்பா அழுதா? நான் தண்ணி ஊத்தி வளத்த மரத்தை வெட்டிப்புட்டீகளேன்னுல்ல அழுதேன். மாமாவை அங்க போகச் சொல்லாதீக" என்கிறாள். ஆகவே போகவேண்டாம். தங்கள் தோட்டத்து முருங்கையில் நட்டுவைக்க ஒரு போத்து வெட்டிக்கொண்டு இங்கே வரவும். தொடுமுன் பார்க்கவும்.