கறுப்புக் கோட்டு ஆன்ட்டி

தன்னை வேவு பார்க்க வந்த போலீசுக்கே டீ போட்டுக் கொடுத்த ஆள், இந்தப் பூமியில் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். தொண்ணூற்றாறில் ஜெர்சி சிட்டியில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் குடியிருந்தார். கிழக்கு ஜெர்மனிக்காரர். கோடையிலும் கணுக்கால் வரை கறுப்புக் கோட்டு. அதனால் என் மனைவி கல்பனா வைத்த பெயர்தான் கறுப்புக் கோட்டு ஆன்ட்டி.

அந்த ஜனவரியில் கட்டடத்தில் ஹீட்டர் நின்றுபோனது. நான் வீரமாகப் போராடினேன். அதாவது, வீட்டுக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேனேஜரைத் தமிழில் திட்டினேன்.

"நேர்ல போய்க் கேளுங்களேன்" என்றாள் கல்பனா.

"விசா கேன்சல் ஆயிட்டா?"

"ஹீட்டர் கேட்டா விசா எதுக்குங்க கேன்சல் ஆகும்?"

ஆன்ட்டி கட்டடத்துப் பெண்களையெல்லாம் தன் கிச்சனுக்குக் கூப்பிட்டார். கேக் உண்டு என்று கேள்விப்பட்டு நானும் போனேன். அங்கேதான் பழைய கதை வந்தது. போர் வந்தால் பெண்களையும் ராணுவத்துக்கு இழுக்கலாம் என்று அவர் ஊரில் ஒரு சட்டம் போட்டார்களாம். இதே மாதிரி ஒரு கிச்சனில் கூடிய பெண்கள், கறுப்பு உடுத்திக்கொண்டு ஊர்ச் சதுக்கத்தில் வாய் திறக்காமல் நின்றார்களாம். அப்புறம் ஆன்ட்டி வீட்டு வாசலில் எந்நேரமும் உளவுக் கார். காருக்குள் குளிரில் விறைத்துக் கிடந்தவர்களுக்கு ஆன்ட்டி டீ கொண்டுபோய்க் கொடுத்தார். குடித்து முடித்துவிட்டுத்தான் கைது செய்தார்கள்.

"கூட இருந்தவங்க பேரைச் சொல்லு, இல்லன்னா உன் மகளை அரசாங்க விடுதியில போட்டுடுவோம்" என்று மிரட்டியிருக்கிறார்கள். ஆன்ட்டி சொல்லவில்லை. அவர் வெளியே வரும்வரை அந்தத் தோழிகள்தான் குழந்தையை வீடு மாற்றி வீடு ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்களாம்.

"பயமா இல்லையா ஆன்ட்டி?" என்றேன்.

"முழங்கால் வெடவெடன்னு நடுங்கிச்சு. அதுக்குத்தான் இவ்வளவு நீளக் கோட்டு."

மறுநாள் மேனேஜர் அறை வாசலில் பெண்கள் எல்லோரும் கறுப்பு உடுத்தி மௌனமாக நின்றார்கள். நானும் நின்றேன், பத்தடி தள்ளி. மேனேஜர் என்னிடம் வந்து, "நீயும் இவங்களோடயா?" என்று உறுமினார்.

"இல்ல சார், லிஃப்ட்டுக்கு வெயிட் பண்றேன்."

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட்டே கிடையாது.

மேனேஜர் போலீசைக் கூப்பிட்டார். வந்த போலீஸ்காரர் கையில் ஆன்ட்டி டீயைக் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, "ஏன் இங்கே இவ்வளவு குளிருது?" என்றார். சாயங்காலமே ஹீட்டர் ஓடியது. ஆபீசில் நான், "நாங்க போராடினோம்ல!" என்று ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன்.

இரண்டு வருஷத்தில் ஆன்ட்டி மகளோடு இருக்க ஜெர்மனிக்கே கிளம்பிவிட்டார். ஏர்போர்ட்டுக்கு நான்தான் டிரைவ் பண்ணினேன். ஹைவேயில் திரும்ப வேண்டிய எக்ஸிட்டை விட்டேன். சுற்றி வந்து மறுபடியும் விட்டேன்.

"உனக்கு வழியே தெரியாதா?" என்றார் ஆன்ட்டி.

"தெரியாது ஆன்ட்டி" என்றேன். தினமும் நான் ஆபீஸ் போகிற வழி அது.