பத்தியத்துக்கு ஒல்லி மீன்

"இது முரல், மருமகன்," என்று அன்னப்பூரணி மீன் பையைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் சொன்னது கடல் பாறை இடுக்குக்குள்ள இரிக்கிற ஒல்லி மீன். விரலளவுதான் இரிக்கும். பிள்ளை பெத்தவளுக்கு அதுதான் பத்தியம்."

உதயரூபன் தலையாட்டினான். கல்யாணம் முடித்து, செட்டிபாளையத்தில் மனைவி வீட்டோடு வந்து இரண்டு வருடம். மாமி அவனிடம் ஒன்றைக் கேட்டது இதுவே முதல் தடவை.

குழந்தை பிறந்த ஐந்து நாளும் அவன் சும்மா இருக்கவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீரில் வெப்பமானி வைத்தான். மூச்சு வருகிறதா என்று பார்க்க, தூங்கும் பிள்ளையை மணிக்கொரு தடவை எழுப்பினான். பத்தியச் சரக்கைப் பற்றிப் போனில் படித்ததை மாமிக்கு விளக்கினான். என்ன செய்தும் இந்த வீட்டில் தான் ஒரு விருந்தாளி என்ற நினைப்பு போகவில்லை. அந்த மீன் கிடைத்தால் போய்விடும் என்று தோன்றியது.

காத்தான்குடிச் சந்தையில் மீன் வியாபாரி முத்தலிப் கத்தியைக் கீழே வைத்தார்.

"அதைத் திங்கப் போறீங்களா தம்பி? தூண்டில் இரைக்குக்கூட ஆக்கள் எடுக்கிறல்ல."

"பத்தியத்துக்காம்."

"யாரு சொன்ன?"

"மாமி."

"அப்ப சரி," என்றார் முத்தலிப், திடீர் மரியாதையோடு. "கல்குடாப் பக்கம் பாறை இரிக்கி. போங்க."

லீவு போட்டு, மோட்டார் சைக்கிளில் ஒன்றரை மணித்தியாலம் போனான். அந்த மீன் பாறைக்குப் பாறை தாவியது. வலையைக் கண்டால் இடுக்கில் நுழைந்தது. முதல் நாள் போன் கடலில் விழுந்தது. மாமி அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டாம் நாள் கால் பெருவிரல் நகம் போனது. மூன்றாம் நாள் இரண்டு மீன் கிடைத்தன.

"ரெண்டா? இண்டைக்குச் சமாளிப்பம். நாளைக்கும் போங்க. பிள்ளைட தகப்பன் தன்ர கையால பிடிச்சாத்தான் பலன்."

மாமி மீனோடு குசினிக்குள் போனாள். பூனை பின்னால் போனது.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. மனைவி தக்ஷாயினியின் முகம் தெளிந்திருந்தது. பிள்ளை நேரத்துக்குப் பால் குடித்தது, நேரத்துக்குத் தூங்கியது.

"இண்டைக்குத்தான் நல்லா நித்திரை கொண்டன்," என்றாள் அவள்.

இரண்டு மீனுக்கே இவ்வளவா என்று அவன் நெஞ்சு விம்மியது. ஒரு கிழமை பாடுபட்டு, பத்து மீனை உயிரோடு, கடல் தண்ணீர் வாளியில் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்து மூடினான்.

"இனி நான் எங்கயும் போகத் தேவல்ல மாமி. வீட்டிலயே நிண்டு, தேவைக்குப் பிடிச்சுத் தருவன்."

மாமி வாளியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே தொட்டிலாட்டும் சத்தம் நின்றது.

காலையில் வாளி வெறுமையாக இருந்தது.

"தாவுற சாதிதானே, மருமகன்," என்றாள் மாமி. வாளியின் மூடி கழுவித் துடைத்துச் சுவரில் சாத்தப்பட்டிருந்தது.

அவன் பெருமூச்சோடு வலையை எடுத்தான். படலையைத் திறந்துவிட மாமா வினாயகமூர்த்தி வந்தார். அவருடைய கால் பெருவிரலில் நகம் இல்லாததை உதயரூபன் அன்றுதான் கவனித்தான்.

"கவனமாப் போங்க மனே," என்றார் மாமா மெதுவாக. "தக்ஷாயினி பிறந்த நேரம் நானும் நாப்பது நாள் போனன், அந்த மீனை இந்த வீட்டில பூனையத் தவிர ஒருத்தரும் திண்டதில்ல."