குறையே சொல்ல முடியாத பஸ் அட்டவணை

சந்தேகப்படுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறவர்கள் ஒரு வகை. பஸ் சீட்டுக்கடியில் தலையை விட்டுக் கருவாட்டு வாடை பிடிக்கிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலைக்கே அது தெரிந்துபோனது.

அப்போது நான் அங்கே புரோகிராமர். அதே ஊரில் பாக்கார் ஆராங்கில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். என் அக்கா சரசுவுக்கு அதே தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பாடாங் செராயிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருவாள். எந்தப் பஸ் எந்த ஊருக்குப் போய் ஆள் ஏற்ற வேண்டும் என்று அட்டவணை அச்சடிக்கிற புரோகிராம் எங்கள் பொறுப்பு. எங்கள் என்றால் நானும் அந்தோணியும்.

அந்தோணி புதுசு. அந்த மாசக் கடைசியில்தான் அவன் வேலை நிரந்தரமாவதா இல்லையா என்று தெரியும். அவன் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்துவிட்டார், தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இவன் வேலை நிலைத்தால்தான் குடும்பத்துக்கு ஒரு கூரை. இதையெல்லாம் அவனே என்னிடம் சொன்னான். பாவம்தான் என்று நினைத்தேன். கூடவே, இவன் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறான் என்றும் நினைத்தேன்.

ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமில் நேரடியாகக் கைவைக்கக் கூடாது. நம்பகமான ஒரு பதிப்பிலிருந்து தனியாக ஒரு கிளை எடுத்து, அதில் மாற்றம் செய்து, ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். குறை வராவிட்டால்தான் திரும்பச் சேர்க்கலாம். இந்தக் கிளையைத் தினமும் கையால்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். அந்தோணி தப்பான பதிப்பிலிருந்து எடுத்துத் தொலைத்துவிட்டால்? எனக்குத் தூக்கம் வரவில்லை. நானே ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். விடியற்காலையில் மெஷின் தானாகவே விழித்து, யாரும் குறை சொல்லாத பதிப்புகளில் கடைசியானதைத் தேடிப் பிடிக்கும். அதிலிருந்து அந்தோணி பெயரில் புதுக் கிளை எடுத்து, அந்தக் கிளையிலிருந்தே அன்றைய அட்டவணையை அச்சடித்துவிடும். மனிதக் கையே படாது. (மனிதன் என்றால் அந்தோணி.)

நோன்புப் பெருநாள் லீவு முடிந்து தொழிற்சாலை திறந்த முதல் நாள். காலை ஷிஃப்ட் பாதி ஓடிய பிறகு சரசு அக்கா கம்ப்யூட்டர் அறைக்குள் புயலாக வந்தாள்.

"என்னாடி விளையாடுறியா? பாடாங் செராய்ல அத்தன பொம்பளைங்களும் ரோட்டுல நிக்கிறோம், பஸ்ஸக் காணோம்! எங்க போச்சு தெரியுமா? யானுக்குப் போச்சாம்லா!"

பாடாங் செராய் தெற்கே. யான் வடக்கே, குனோங் ஜெராய் மலை அடிவாரத்தில், வயலும் கடலுமாக இருக்கிற ஊர். அங்கே எங்கள் தொழிலாளி ஒருத்தர்கூடக் கிடையாது. அச்சடித்த தாளைப் பார்த்தேன். பாடாங் செராய் பஸ்ஸுக்கு நேராக யான் என்றுதான் இருந்தது. கிளையின் பெயர் அந்தோணி.

அவன் சரி செய்தான். மறுநாள் மறுபடி யான். மறுபடி சரி செய்தான். மறுபடி யான். அந்த வாரம் முழுக்க இதே கூத்து. மேனேஜர் தேவசகாயம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "இதுக்கு யார் காரணமோ அவங்களுக்கு இந்த மாசத்தோட வேலை கிடையாது" என்று சொல்லிவிட்டார். அந்தோணியின் முகம் வெளுத்துப்போனது.

எனக்கோ எல்லாம் விளங்கிவிட்டது! அந்தோணியின் அத்தை இருப்பது யானில். வெயிலில் கருவாடு காயவைத்து விற்கிறவர். போன மாசம் அந்தோணி எனக்கே ஒரு பொட்டலம் கொடுத்தான். (வறுத்துச் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.) கம்பெனி பஸ்ஸைத் திருப்பிவிட்டு இலவசமாகக் கருவாடு ஏற்றுகிறான்! சாயங்காலம் பஸ் நிறுத்துமிடத்துக்குப் போய் ஒவ்வொரு சீட்டுக்கடியிலும் தலையை விட்டு மோப்பம் பிடித்தேன். வாடை இல்லை. கழுவிவிட்டிருக்கிறான் என்று முடிவு செய்தேன். மேனேஜருக்கும் பங்கு இருக்குமோ, இருவரும் ஒரே சர்ச் ஆயிற்றே என்றுகூடத் தோன்றியது. (ஒருவர் மெதடிஸ்ட், ஒருவர் கத்தோலிக், ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு திசையில் போவார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.)

அந்தோணி ஒரு தடவை ஆரம்பித்தான். "மிஸ், பெருநாள் லீவுக்கு முன்னாடி நீங்க..."

"எதுவா இருந்தாலும் மேனேஜர் முன்னாடி சொல்லு தம்பி" என்று கையைத் தூக்கி நிறுத்தினேன். மிடுக்காக இருந்ததாக ஞாபகம்.

மறுநாள் கையும் களவுமாகப் பிடிக்க ஏற்பாடு. நான் பஸ்ஸின் கடைசி சீட்டில் பதுங்கிக்கொண்டேன். பின்னால் காரில் மேனேஜர், பக்கத்தில் அந்தோணி. பஸ் வடக்கே போய், யானில் மலையடிவாரத்து ஆற்றங்கரையில் நின்றது. நான் எழுந்து பாய்ந்தேன்.

"மணியம் அண்ணே! யார் சொல்லி இங்க வந்தீங்க?"

டிரைவர் மணியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ தங்கச்சி, பயமுறுத்தாதலா! கம்ப்யூட்டர்தான் சொல்லுது. ஷீட்டுல போட்டிருக்கே." அப்புறம் துண்டையும் சவர்க்காரத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். "இங்க குளிக்க ஒரு மணி நேரம்னு இருக்கு. தெனமும் குளிச்சிட்டுத்தான் போறேன். தண்ணி சும்மா ஜில்லுனு இருக்கு."

மேனேஜர் தாளை வாங்கி வாய்விட்டுப் படித்தார். "குளியல். பிறகு நாசி லெமாக் சாப்பாடு. பிறகு கயிறு இழுக்கும் போட்டி." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏம்மா, இது லீவுல ஸ்போர்ட்ஸ் கிளப் பிக்னிக்குக்கு நான் ஒன்னையப் போடச் சொன்னதுதானே?"

அதுவேதான். முதல் நாள் தாளைப் பார்த்தபோது ஊர்ப் பெயரோடு நான் நிறுத்திக்கொண்டேன். திருடனைப் பிடிக்கிற அவசரத்தில் கீழே இருப்பதை யார் படிப்பது?

பிக்னிக்குக்காகப் பாடாங் செராய் பஸ்ஸை யானுக்குத் திருப்பி நான் ஒரு பதிப்பு போட்டு வைத்திருந்தேன். லீவில் கொட்டிய மழையில் பிக்னிக் ரத்தானது. ஒரு பஸ்கூட ஓடவில்லை, அதனால் ஒரு குறையும் வரவில்லை. என் அருமைப் புரோகிராம் அதையே உலக உத்தமப் பதிப்பு என்று பிடித்துக்கொண்டது. பிறகு வந்த வசவெல்லாம் அன்றன்றைய கிளையின் பெயரில், அதாவது அந்தோணி பெயரில் பதிவானது. தாய்ப் பதிப்பின் மேல் ஒரு தூசு விழவில்லை. அவன் பகலில் திருத்தியதை மெஷின் விடியற்காலையில் ஒதுக்கிவிட்டு மறுபடி பிக்னிக்கிலிருந்து ஆரம்பித்தது.

"காரணமானவங்களுக்கு வேலை கிடையாதுன்னு சொல்லியிருந்தேன்" என்றார் மேனேஜர். வெட்கத்தில் அந்த ஆற்றிலேயே விழுந்துவிடலாம் போல இருந்தது.

அந்தோணிதான் வாயைத் திறந்தான். "சார், மிஸ்ஸைப் பத்தி இதுவரைக்கும் யாரும் ஒரு குறை சொன்னதில்ல சார்."

மேனேஜர் சிரித்துவிட்டார். என் வேலை தப்பியது. மாசக் கடைசியில் அந்தோணிக்கு வேலை நிரந்தரமானது. எது நம்பகமான பதிப்பு என்று இனி அவன்தான் சொல்ல வேண்டும், அதுவும் பஸ்ஸிலிருந்து ஆள் இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, என்று உத்தரவும் வந்தது. அந்தோணி சொன்னதைக் கேள்விப்பட்ட சரசு அக்கா, "குறை சொல்ல எவனுக்கு அங்க தைரியம் இருந்துச்சு?" என்றாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் விருந்து என்றால் என் பாடு இதுதான். குழம்பை இறக்கி வைத்து, "எப்படி? யாராச்சும் ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்!" என்பேன். சரசு அக்கா மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பாள்.

"குறையே இல்லடி. இன்னும் யாரும் வாயில வைக்கலையே."