கையெழுத்து பொருந்தவில்லை

மனிதனுக்கு இதயம் ஒன்று, கையெழுத்து ஒன்று; இரண்டும் தாளம் தப்பக் கூடாது. இதில் இரண்டாவதைக் காக்க அந்த அலுவலகத்தில் கையெழுத்துச் சரிபார்ப்பு அதிகாரி ஒருவர் இருந்தார். எந்நேரமும் பூதக்கண்ணாடியும் கையுமாக இருப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றே பேர். கை நடுங்கும் பெரியவர்களின் விண்ணப்பங்களை இருபத்தாறு வருடம் சளைக்காமல் திருப்பி அனுப்பிய புண்ணியவான்.

ஒருநாள் அவருடைய இதயமே வேலைக்கு மட்டம் போடப் பார்த்தது. அதைத் தட்டி எழுப்ப இடது தோள்பட்டைக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். மூன்றாம் வாரம் அதன் ஒயர் நழுவி, இதயத்துக்குக் கொடுக்க வேண்டிய தட்டைக் கைக்குக் கொடுக்க ஆரம்பித்தது. இடது கை நிமிடத்துக்கு எழுபது தடவை துள்ளியது. மனிதர் இடக்கைக்காரர் வேறு.

மனைவி தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவதற்குள் அவருக்கு இரண்டு தடவை கண் இருட்டிவிட்டது. ஒயரை இன்றைக்கே சரிசெய்யாவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். சம்மதப் படிவத்தில் ஒரு கையெழுத்துதான் பாக்கி. போட்டார். அது படிவத்தைத் தாண்டி மேஜையில் போய் முடிந்தது.

ஆஸ்பத்திரி குமாஸ்தா, பேஸ்மேக்கர் வைத்தபோது அவர் போட்ட பழைய படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பொருந்தலையே சார்."

"கை துள்ளுதுங்க."

"அப்போ கையைச் சரிபண்ணிட்டு வந்து போடுங்க."

"அதைச் சரிபண்ணத்தான் இந்தக் கையெழுத்தே."

"புரியுது சார். ஆனா கையெழுத்து பொருந்தாம எப்படிச் சரிபண்றது?"

பூதக்கண்ணாடிக்குக் கோபம் வரவில்லை. உலகத்தில் இன்னொருவரும் ஒழுங்காக வேலை பார்க்கிறாரே என்று பூரித்துப் போனார். பூரித்தபடியே நாற்காலியில் மயங்கிச் சரிந்தார்.

மனைவிக்குப் பூரிப்பு வரவில்லை. புதுப் படிவத்தைப் பிடுங்கி, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலில் வருடக்கணக்காகப் போட்டுப் பழகிய கணவர் கையெழுத்தைச் சுழித்துப் போட்டு நீட்டினாள். குமாஸ்தா ஒப்பிட்டுப் பார்த்தார். அச்சு அசலாகப் பொருந்தியது.

"முதல்லயே இப்படிப் போட்டிருக்கலாமே சார்" என்று மயங்கிக் கிடந்தவரைச் செல்லமாகக் கடிந்துகொண்டார்.

ஒரு மாதம் கழித்து பூதக்கண்ணாடி வேலைக்குத் திரும்பினார். ஒயர் நெஞ்சுக்குள் ஒழுங்காக இருந்தது. மேஜையில் முதல் தாளாக ஒரு மருத்துவ விடுப்பு விண்ணப்பம். கை துள்ளிய நாளில் அவரே எழுதி அனுப்பியது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. கண்ணாடி வைத்து மூன்று தடவை ஒப்பிட்டார்.

'கையெழுத்து பொருந்தவில்லை. விண்ணப்பதாரர் நேரில் வரவும்' என்று எழுதி, அழகாகக் கையெழுத்திட்டார்.

சாயங்காலம் வரை காத்திருந்தார். விண்ணப்பதாரர் வரவில்லை.