மணி அடித்தால் டீ

மாயாபந்தர், அந்தமான்,
பங்குனி மாதம், காற்று ஓய்ந்த ஒரு மத்தியானம்.

அன்பு மருமகள் சௌபாக்கியவதி கவிப்ரியாவுக்கு,

மாமா ஆவுடையப்பன் மலைமேல் இருந்து மனதார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை அலமுவும், என் முழங்காலையும் இடது பக்கத்து மீசையையும் கணக்கில் சேர்க்காவிட்டால், சௌக்கியமாக இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீயும் பிரேமும் என் பேத்தி மகிழினியும் எங்களைவிடச் சௌக்கியமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். மீசை விஷயம் பின்னால் வரும்.

போன மாதம் நீ போனில் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "மாமா, போன்ல எதைக் கேட்டாலும் 'சூப்பரா இருக்கும்மா'ன்னுதான் சொல்றீங்க. லாட்ஜ் எவ்வளவு பாதுகாப்புன்னு உண்மையை எழுதி அனுப்புங்க. அதைப் படிச்சிட்டுத்தான் பாப்பாவைக் கூட்டிட்டு வர்றதா வேண்டாமான்னு சொல்லுவேன்" என்றாய். நியாயமான பேச்சு. நீ நூல் மில்லில் சேஃப்டி ஆபீசர். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், ஆக எனக்கும் படிப்பு கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் உண்மையை எழுதுவது இத்தனை களைப்பான வேலை என்று தெரிந்திருந்தால் பொய்யோடு நிறுத்தியிருப்பேன். மகிழினிக்கு நாலு வயது ஆகப்போகிறது, இன்னும் ஒரு தடவைகூட இந்த மலையில் கால் வைக்கவில்லை. முதல் தடவை டிக்கெட் போட்டபோது புயல் வந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை. இரண்டாம் தடவை பூரான் வந்தது, அதற்கு நான்தான் பொறுப்பு. "தாத்தா ஊர்ல என்ன இருக்கு?" என்று பிள்ளை போனில் கேட்க, முழங்கை நீளத்துக்குப் பூரான் இருக்கு கண்ணு என்று ஆசையாகச் சொல்லித் தொலைத்தேன். போன் உன் கைக்கு மாறியது, டிக்கெட் கேன்சல் ஆனது. அந்தப் பூரான் உண்மையில் ஒரு சாண்தான் இருக்கும். இப்போது சொல்லி என்ன பிரயோஜனம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லாட்ஜின் பெயர் மவுண்டன் வியூ. இங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும், ஜெட்டி தெரியும், மேகம் இல்லாவிட்டால் அக்கரைத் தீவுகூடத் தெரியும். மலை மட்டும் தெரியாது, ஏனென்றால் அதன் மேல்தான் நாம் நிற்கிறோம். பெயர் வைத்தது நான்தான். மே மாதம் இறங்குகிற மழை கார்த்திகை வரைக்கும் போகாது. அட்டைகள் படியேறி வந்து ரூம் இருக்கிறதா என்று கேட்காத குறை. உள்ளங்கை அளவு நத்தைகள் உன் அத்தையின் வெண்டைச் செடியைத் தின்றுவிட்டு வாசல்படியில் இளைப்பாறும். மழை போனால் புயல் பயம், புயல் பயம் போனால் மெயின்லேண்ட் டூரிஸ்ட். தையிலிருந்து சித்திரை வரை தொட்டியில் தண்ணீர் கீழே கீழே போகும், காட்டில் சருகு மேலே மேலே குவியும். அந்தச் சருகுதான் இந்தக் கடிதத்தின் வில்லன். வில்லனுக்குத் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்காதே, சொல்லத்தான் போகிறேன்.

நீ மூன்று காரியம் செய்யச் சொன்னாய். மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள், நெருப்பு என்றால் எல்லோரையும் வெளியே வரவைக்கும் ஒரு மணி, லாட்ஜைச் சுற்றிப் பத்து மீட்டருக்குச் சருகே இல்லாத தரை. கூடவே, வெளியே வந்தவர்கள் வந்து நிற்க ஓரிடம், அதற்கு ஒரு பலகை. எல்லாவற்றையும் செய்தேன் அம்மா. செய்யாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடற்கரையில் மணல் அள்ளினால் போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் கீழே வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர் கணபதியிடம் கெஞ்சி, அவர் மிச்சம் வைத்திருந்த மணல் குவியலில் இருந்து அள்ளி வந்தேன். முதல் வாளியில் மணலோடு சேர்ந்து, சங்கை முதுகில் சுமந்து நடக்குமே அந்தக் குட்டி நண்டுகளும் வந்துவிட்டன. காலையில் பார்த்தால் வராந்தா முழுக்க ஊர்வலம். பொறுக்கிப் பொறுக்கி வெளியே விட்டேன், எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். இரண்டாவது வாளியில் உன் அத்தையின் செவலைக் கோழி ஏறி உட்கார்ந்துகொண்டது. மணல் இதமாக இருந்ததோ, சிவப்பு நிறம் பிடித்ததோ, அதிலேயே முட்டையிட்டு அடை காக்கத் தொடங்கிவிட்டது. உடும்பு முட்டைக்கு வரும் என்று உன் அத்தை அந்த வாளிக்கு மேலே வலை போட்டுக் கட்டிவிட்டாள். இந்தத் தீவிலேயே அதிகப் பாதுகாப்போடு இருந்த தீயணைப்பு வாளி அதுதான்.

மணிக்கு வருகிறேன். நீ பார்சலில் அனுப்பினாயே, புகை வந்தால் கத்தும் அந்த வெள்ளை டப்பா, அதைச் சமையலறையில் மாட்டினோம். உன் அத்தை மிளகாய் தாளித்த ஒவ்வொரு தடவையும் அது கத்தியது. பிறகு இந்த ஊர்ப் பச்சைப் பல்லி ஒன்று அதற்குள் குடித்தனம் வந்தது, தாளிக்காமலேயே கத்தத் தொடங்கியது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய படகை உடைத்த இடத்தில் வாங்கிய பித்தளை மணியையே நெருப்பு மணி என்று அறிவித்தேன். அந்த மணி ஏற்கெனவே எதற்கு அடிக்கப்பட்டு வந்தது என்பதை யோசிக்க மறந்துவிட்டேன். நம் ரூம்கள் சரிவில் ஆளுக்கொரு மூலையில் இருக்கின்றன. போய்க் கூப்பிட என் முழங்கால் இடம் தராது. அதனால் சாயங்காலம் டீ தயாரானதும் அந்த மணியைத்தான் அடிப்பேன். டீயோடு உன் அத்தை காய்கறித் தோலை எதிரே திறந்தவெளியில் கொட்டுவாள், அதற்குப் புள்ளிமான்களும் மணி கேட்டதும் காட்டிலிருந்து வந்து நிற்கும். நீ சொன்ன 'கூடுமிடம்' பலகையை அதே திறந்தவெளியில்தான் நட்டேன். வேறு சமதரை மலையில் ஏது?

கடைசிக் காரியம் சருகு. போன செவ்வாய்க்கிழமை நானும் சமையல்கார நிதாயும் பொழுது முழுக்கக் கூட்டினோம். நிதாய் பெங்காலி, நாற்பது வருஷமாக இந்த ஊர், என்னோடு பேசுவது பாதி இந்தி பாதி தமிழ். சமையலறைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் குவியல் சேர்ந்தது. "அண்ணா, பஸ், போதும். நாளைக்கு டிராக்டர்ல போட்டு கீழே தள்ளலாம்" என்றான் அவன். நான் கேட்டிருக்கலாம். ஆனால் நம் ஆட்களுக்குச் சருகைக் கூட்டி முடித்ததும் கை தானாக மடியில் தீப்பெட்டியைத் தேடும், அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. உரசிப் போட்டேன். இந்த லாட்ஜ் வந்த நாளிலிருந்து இங்கே பிடித்த ஒரே நெருப்பு, நெருப்புப் பிடிக்கக் கூடாது என்பதற்காக நான் வைத்த நெருப்புதான்.

அதுவரைக்கும் தூங்கிக்கொண்டிருந்த காற்று அந்த நிமிஷம் பார்த்துக் கடலில் இருந்து எழுந்து வந்தது. குவியலின் உச்சியைக் கிள்ளிக் கோழிக்கூட்டின் ஓலைமேல் போட்டது. ஓலை பற்றியது. அடுத்தது விறகு அடுக்கு, அதை ஒட்டிச் சமையலறைச் சுவர், சுவருக்கு அந்தப்பக்கம் கேஸ் சிலிண்டர். "அண்ணா, ஆக் லக் கயா!" என்று கத்திக்கொண்டே நிதாய் சிலிண்டரைக் கழற்ற உள்ளே ஓடினான். அந்தக் காரியம் ஒன்றுதான் அன்றைக்கு உன் கணக்கில் பாஸ் ஆகும். நான் மணியிடம் ஓடி, என் பலம் கொண்ட மட்டும் அடித்தேன்.

எல்லோரும் வந்தார்கள் அம்மா. வெளியே ஓடவில்லை, கப்போடு உள்ளே வந்தார்கள். கரூரில் இருந்து வந்திருந்த ரிடையர்டு ஹெட்மாஸ்டர் செந்தமிழன் சார் சொந்தக் கப்பைத் துடைத்துக்கொண்டே முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன அப்பன், இன்னைக்கு சீக்கிரமே அடிச்சிட்டீங்க?"

"சார், நெருப்பு சார்! புகை வருது பாருங்க!"

"பார்த்தேன் பார்த்தேன். வடைதானே?"

கல்யாணமான புதிதில் வந்திருந்த ஜோடி ஒன்று, சர்க்கரை குறைவாக என்றது. நீ சொன்ன கூடுமிடத்தில், பலகைக்குக் கீழே, முண்டியடிக்காமல் அமைதியாக வந்து நின்றவை மான்கள் மட்டும்தான். ஒன்று பலகையின் ஓரத்தையும் கடித்துப் பார்த்தது.

நான் முதல் வாளியைத் தூக்கி மணலுக்குள் கையை விட்டேன். எல்லாம் போய்விட்டது என்று நினைத்த நண்டுகளில் ஒன்று போகவில்லை. அதை விரலோடு தொங்கவிட்டபடியே இரண்டாவது வாளிக்குப் போனேன். பின்னாலிருந்து உன் அத்தையின் குரல்: "தொட்டீங்கன்னா பாருங்க! அது அடையில இருக்கு!"

"அடியே, சமையல்கட்டு எரியப் போகுது!"

"அதை நான் பார்த்துக்கிடுதேன். நீங்க கோழிகிட்டப் போவாதீங்க!"

மூன்றாவது வாளியைக் கவிழ்த்தேன், எதுவும் விழவில்லை. தட்டினேன், மொத்தமாகக் கேக் மாதிரி வந்து காலில் விழுந்தது. கணபதியின் மணலில் சிமெண்ட் கலந்திருக்கிறது, கடற்காற்றின் ஈரத்தில் இறுகிக் கல்லாகிவிட்டது. அவர் கட்டிய வீடுகளில் இல்லாத சிமெண்ட் எங்கே போகிறது என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. என் வாளிக்குத்தான் வந்திருக்கிறது.

அதற்குள் உன் அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாயங்காலத்துக்கு என்று கொதித்துக்கொண்டிருந்த டீப் பானையோடு வெளியே வந்தாள். கூட்டத்தைப் பார்த்து, "சாய் பியோ மத்! ஃபேங்கோ!" என்று ஒரு அதட்டல். குடிக்காதே, வீசு என்று இந்தியில் சொன்னது கரூர்க்காரருக்குக்கூடப் புரிந்தது. பானை டீ கூட்டின்மேல் போயிற்று. நிதாய் மழைத் தொட்டியைத் திறக்க, எல்லோர் கையிலும்தான் கப் இருந்ததே, தொட்டியில் இருந்து கோழிக்கூடு வரைக்கும் வரிசையாக நின்று கப் கப்பாகத் தண்ணீர் கைமாறியது. புது ஜோடி முதல் தடவையாகச் சண்டை போட்டது, யார் வேகமாக வீசுவது என்று. செந்தமிழன் சார் ஏற்கெனவே வாங்கிவிட்ட டீயில் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை வீசினார். ஓலையை இழுத்துத் தள்ளப் போன என் முகத்துக்கு நேராக ஒரு பொறி வந்தது. மீசை விஷயம் அவ்வளவுதான்.

கீழேயிருந்து தீயணைப்பு வண்டி தாமதமில்லாமல்தான் வந்தது. ஆனால் அவர்கள் வந்தபோது நெருப்பும் இல்லை, டீயும் இல்லை. ஆபீசர் கருகிய கூட்டைச் சுற்றிப் பார்த்தார், கோழி உட்கார்ந்திருந்த வாளியைப் பார்த்தார், பலகைக்குக் கீழே நின்ற மான்களைப் பார்த்தார். "ஆக் கிஸ்னே லகாயா?" என்று கேட்டார். நெருப்பு வைத்தது யார் என்றதும் கூட்டத்தில் ஒரு கை நீண்டது, என்னைக் காட்டி. உன் அத்தையின் கை. முப்பத்தைந்து வருஷக் குடித்தனம் அம்மா, ஒரு நொடி யோசிக்கவில்லை அவள். ஆபீசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். நீ போனில் சொன்னது அத்தனையும் அவரும் சொன்னார், கொஞ்சம் மரியாதை குறைவாக.

மனிதருக்கோ மற்ற உயிர்களுக்கோ சேதம் இல்லை. ஒரு கூடு, ஒரு சுவரின் வெள்ளை, அரை மீசை. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி படுத்தபோது கண்ணை மூடினால் கப்போடு உள்ளே வந்த கூட்டம்தான் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை, அதுவும் நம் பிள்ளை, அவளும் ஒரு கப்பை ஏந்திக்கொண்டு நெருப்பைப் பார்த்து வந்திருந்தால் என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காற்று இன்னொரு பக்கம் திரும்பியிருந்தால் இந்தக் கடிதத்தில் சிரிக்க ஒன்றும் இருந்திருக்காது.

ஆகவே கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். மழையில் வா என்றால் அட்டை இருக்கிறது, மழை விட்டால் புயல் இருக்கிறது, எல்லாம் விட்ட மாதங்களில் நான் இருக்கிறேன். பாதுகாப்பான மாதம் என்று ஒன்றைத் தேடிப் பார்த்தேன், காலண்டரில் கிடைக்கவில்லை. பிள்ளையைக் கூட்டி வர வேண்டாம் அம்மா. முழங்கால் சம்மதித்தால் ஆடியில் நாங்களே வந்து பார்க்கிறோம். அவளிடம் பூரான் ஒரு சாண்தான் என்று மட்டும் சொல்லிவிடு.

நீங்கள் மூவரும் பசி, பிணி, பயம் எதுவும் அண்டாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் என் நமஸ்காரம். மகிழினியின் இரண்டு கன்னத்திலும் நீயே என் சார்பாக ஒவ்வொரு முத்தம் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
பாதி மீசையோடு உன் மாமா,
ஆவுடையப்பன்

பின்குறிப்பு: கவரில் ஸ்டாம்ப் ஒட்டிய பிறகு, ஜெட்டிப் பக்கம் போனால் சிக்னல் கிடைக்குமே என்று போய்ப் பிரேமுக்குப் போன் போட்டேன். "வர வேண்டாம்னு எழுதிட்டேன்டா" என்றேன். அவன் சிரிக்கிறான். "அப்பா, கவி அன்னைக்கே டிக்கெட் போட்டுட்டா. உங்களை எழுதச் சொன்னதே, எழுதுற சாக்குலயாவது நாலு வாளி மணல் வைப்பீங்கன்னுதான்" என்கிறான். அடுத்த வெள்ளிக்கிழமை ஃபிளைட்டாம். தபால் போகிற வேகத்துக்கு இந்தக் கடிதம் கோயம்புத்தூர் வரும்போது நீங்கள் இங்கே இருப்பீர்கள். ஊர் திரும்பி இதைப் படித்தால், மேலே உள்ளது எதையும் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

சருகை டிராக்டரில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டேன். என் தீப்பெட்டி உன் அத்தையின் இடுப்பில் இருக்கிறது. நெருப்புக்கு இனிமேல் விசில் என்று ஆபீசரே ஒன்று கொடுத்துவிட்டுப் போனார், தினமும் காலையில் ஊதி எல்லோரையும் வெளியே ஓடவிட்டுப் பழக்குகிறேன். செந்தமிழன் சார் கப்போடுதான் ஓடுகிறார், ஆனால் ஓடுகிறார். இரண்டாவது வாளியில் ஏழு குஞ்சு பொரித்திருக்கிறது, பிள்ளை வரும்வரை வாளியை நகர்த்தக் கூடாது என்று உத்தரவு.

கடிதம் பிந்தும் என்பதால் இதை மட்டும் பிரேமிடம் போனிலேயே சொல்லிவைத்தேன்: நீங்கள் வந்து இறங்கியதும் மணி அடிப்பேன். மகிழினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடாதே, உள்ளே வா. அது டீதான்.